நள்ளிரவில் திறந்திருக்கும் நூலகம்

ஒரு பூனை சாகிற கதைக்காகவே இந்த நாவலைத் தலையில் வைத்துக் கொண்டாடுவேன். மாட் ஹெய்க் 2020-இல் எழுதிய ‘தி மிட்நைட் லைப்ரரி’ நாவலைத்தான் சொல்கிறேன். படித்து முடித்ததிலிருந்து, சிக்கியவர்களிடமெல்லாம் இதன் கதையைச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு என்ற ஊர். நோரா சீடுக்கு 35 வயது. வளர்த்த பூனை செத்துப்போகிறது, இசைக்கருவிக் கடை வேலை பறிபோகிறது, அவளிடம் பியானோ கற்றுக்கொண்டிருந்த பையன் லியோவின் வகுப்பும் நின்றுபோகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் பானர்ஜிக்கு மருந்து வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இனி அதற்கும் வேறு ஆள் இருக்கிறது. தான் யாருக்கும் வேண்டாதவள் என்ற முடிவுக்கு வந்து, உயிரை விடத் துணிகிறாள்.

கண் விழித்தால் முடிவே இல்லாத ஒரு நூலகம். கடிகாரம் நள்ளிரவு 12 மணியில் நிற்கிறது. பள்ளிக்கூடத்தில் அவளிடம் அன்பாக இருந்த நூலகர் திருமதி எல்ம் எதிரே நிற்கிறார். ஒவ்வொரு புத்தகமும் நோரா வாழாமல் விட்ட ஒரு வாழ்க்கை. பிரித்தால் உள்ளே போய்விடலாம்; மனம் கசந்தால் நூலகத்துக்கே திரும்பிவிடுவாள்.

முதலில் அவள் கையில் தரப்படுவது அவளுடைய மனக்குறைகள் எல்லாம் எழுதப்பட்ட கனமான புத்தகம். அதில் பூனையும் உண்டு: வெளியே விடாமல் இருந்திருந்தால் பிழைத்திருக்குமே! சரி, வீட்டுக்குள்ளேயே வைத்திருந்த வாழ்க்கைக்குப் போகிறாள். அங்கேயும் பூனை செத்துக் கிடக்கிறது. அதற்கு இதய நோய். அவள் என்ன செய்திருந்தாலும் போயிருக்கும். அடடா! ‘உன்மேல் தப்பில்லை’ என்று ஆயிரம் பேர் சொன்னாலும் ஏறாத மனசில், இந்த ஒரு காட்சி ஏறிவிடுகிறது. குற்ற உணர்ச்சி என்பது பல நேரம் பொய்க்கணக்கு என்பதை இதைவிட அழகாகச் சொன்ன நாவலை நான் படித்ததில்லை.

அப்புறம் பாருங்கள், ஒலிம்பிக் நீச்சல் வீராங்கனை ஆகிறாள், ராக் பாடகி ஆகிறாள். எல்லாப் புகழுக்கும் பின்னால் ஏதோ ஓர் இழப்பு காத்திருக்கிறது. இன்னொரு வாழ்க்கையில், ஸ்வால்பார்டு பனித்தீவுகளில் ஒரு பனிக்கரடி எதிரே வந்து நிற்கும் அத்தியாயத்தில் நான் மூச்சுவிட மறந்தேன். சாக நினைத்தவள், உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக் கூச்சல் போடுகிறாள்! வாழும் ஆசை அவளுக்குள்ளேயே ஒளிந்திருந்திருக்கிறது.

ஹெய்க் இதை ஊகத்தில் எழுதவில்லை. 24 வயதில் மனச்சோர்வும் பதற்றமும் முற்றி, ஸ்பெயினின் இபிசா தீவில் உயிரை விடும் விளிம்புவரை போய்த் திரும்பியவர். அந்த அனுபவத்தை 2015-இல் ‘ரீசன்ஸ் டு ஸ்டே அலைவ்’ என்று தனி நூலாகவும் எழுதினார். அதனால்தான் நோராவைப் பார்த்து ஓரிடத்திலும் அவர் பரிதாபப்படுவதில்லை, அதட்டுவதும் இல்லை. அறிவுரை கொஞ்சம் தூக்கல் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த அறிவுரையும் வேண்டியிருந்தது.

ஆனால் நாவலின் உச்சம் வேறு. அன்பான கணவன், செல்ல மகள் என்று குறையே இல்லாத ஒரு வாழ்க்கை நோராவுக்கு வாய்க்கிறது. அந்த வாழ்க்கையில் பெட்ஃபோர்டுக்குப் போனால், பானர்ஜி முதியோர் இல்லத்தில் இருக்கிறார். பியானோவையே தொடாத லியோ போலீஸிடம் மாட்டியிருக்கிறான். உப்புச்சப்பில்லாத தன் பழைய வாழ்க்கை எத்தனை பேரைத் தாங்கியிருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைக்கிறது. நான் அழுதேன். கூச்சமே இல்லாமல் சொல்கிறேன், விசும்பி அழுதேன்.

முடிவை மட்டும் சொல்ல மாட்டேன். மனம் மிகவும் தளர்ந்திருப்பவர்கள் நாவலை நம்பிக் காத்திருக்காமல் முதலில் 14416-க்குப் பேசுங்கள். அது அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம். மற்றவர்கள், ‘நான் இருந்தென்ன, போயென்ன’ என்று ஒரு முறையாவது நினைத்திருந்தால், இந்த நாவலை உடனே வாங்கிப் படியுங்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்த மருந்தும் சொல்லிக் கொடுத்த பாட்டும் கணக்கில் வரும் என்று அடித்துச் சொல்கிறது இது.