முடிந்த வேலைக்கான கூடை

சிறப்புக் கல்வி வகுப்பறையில் மாணவர் தாமாகவே ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கப் பழக்கும் முறைகளுள் பரவலானது ‘பணி ஒழுங்குமுறை’. அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்ளர் தொடங்கி, 1972இல் மாநிலத் திட்டமாக நிலைபெற்ற ‘டீச்’ அணுகுமுறையில் இது வளர்ந்தது. என்ன வேலை, எவ்வளவு, எப்போது முடியும், அடுத்து என்ன என்னும் நான்கு கேள்விகளுக்கும் மேசையே விடை சொல்ல வேண்டும். இடப்பக்கம் மூன்று தட்டுகள், வலப்பக்கம் முடிந்த வேலைக்கான கூடை. முதல் தட்டில் பத்துப் பேனாக்களுக்கான ரீஃபில், ஸ்பிரிங், மூடி. இடப்பக்கம் காலியானால் வேலை முடிந்தது.

‘எடு’, ‘வை’ என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே இருந்தால் மாணவர் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கப் பழகிவிடுகிறார். தட்டு அந்தக் காத்திருப்பைப் போக்குகிறது. காரா ஹியூம், சாமுவேல் ஓடம் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் ஆட்டிசம் உள்ள மூவருக்கு வேலையில் கவனம் கூடியது, ஆசிரியரின் தூண்டல் குறைந்தது. மூவரை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் திசை தெளிவு. வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ, தெருவில் தெலுங்கு என்றிருக்கும் கோலார் தங்கவயல் போன்ற ஊரில், மொழியை நம்பாத இந்த ஏற்பாட்டுக்குத் தனி மதிப்பு உண்டு.

குறையும் அதே தட்டில்தான் இருக்கிறது. ஒரு ஸ்பிரிங் குறைந்தால் மாணவர் அப்படியே உட்கார்ந்துவிடலாம். ஆசிரியரைச் சார்ந்திருந்தவர் இப்போது தட்டைச் சார்ந்திருக்கிறார். ஆகவே வேண்டுமென்றே ஒரு ஸ்பிரிங்கை எடுத்துவைத்து, ‘வேணும்’ என்று படஅட்டை காட்டிக் கேட்கக் கற்பிப்பதும் பாடத்தின் பகுதியாக வேண்டும். இதைவிடப் பெரிய தவறு, காலையில் பூட்டிய பேனாக்களை மாலையில் கழற்றி மறுநாள் அதே தட்டில் வைப்பது. உழைப்பு கலைக்கப்படுவதை மாணவர் பார்க்கிறார். அது அவருக்குச் செய்யும் அநீதி.

கோலார் தங்கவயலின் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்டபின், அவ்வூரின் மாரிக்குப்பம் நிலையத்திலிருந்து விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்கள் இங்கே ஏராளம். பெற்றோர் திரும்பும்வரை அந்தப் பகலைத் தானே நடத்தத் தெரிவதுதான் இத்தகைய வீட்டுப் பிள்ளைக்கு வேண்டிய முதல் திறன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் இலவசக் கல்வியை உறுதிசெய்வது 18 வயதுவரைதான். அதற்குள் இடமிருந்து வலம் என்ற அதே ஒழுங்கு சமையலறைக்கு இடம்பெயர வேண்டும்: இடப்பக்கம் உரிக்காத வெங்காயம், வலப்பக்கம் உரித்ததைப் போடும் கிண்ணம். பிறகு அதே ஊரின் ராபர்ட்சன்பேட்டைக் கடையொன்றில் பருப்பைப் பொட்டலம் கட்டும் மேசைக்கும் போகலாம். முன்னேற்றத்தை முடித்த தட்டுகளின் எண்ணிக்கையால் அளப்பது போதாது. எத்தனை இடங்களில் அந்த வேலை நடந்தது, ஒவ்வொன்றிலும் ஆசிரியர் எத்தனை முறை குறுக்கிட்டார் என்பதையே பதிவேட்டில் குறிக்க வேண்டும்.