முகப்பில் காலி இடம்

மெயின் ரோட்டில் ஒரு மனை வாங்குகிறீர்கள். கொடுக்கிற விலையில் பெரும்பங்கு எதற்கு? மண்ணுக்கு இல்லை, முகப்புக்கு. ரோட்டைப் பார்த்து எத்தனை அடி இருக்கிறது என்பதுதான் பேரமே. பின்பக்கம் எவ்வளவு நீளமாகப் போனாலும் புரோக்கர் அதை இலவச இணைப்பு மாதிரிதான் சொல்வார். அதனால் கடை கட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். பிளாட்பாரத்தை ஒட்டிக் கட்டு. இடமிருந்தால் பிளாட்பாரத்திலும் கொஞ்சம் கட்டு.

1930-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு ரியல் எஸ்டேட் கம்பெனி இதைத் தலைகீழாகச் செய்தது. நல்ல மெயின் ரோட்டில், நல்ல முனை மனை. ரோட்டை ஒட்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டுக் கடைகளை உள்ளே தள்ளி 'ட' மாதிரி வளைத்துக் கட்டினார்கள். காலி இடத்தில் கார் நிறுத்திக்கொள்ளலாம். பெயரையும் பச்சையாகவே வைத்தார்கள்: பார்க் அண்ட் ஷாப். நிறுத்து, வாங்கு.

பத்துப் பன்னிரண்டு கடை தேறுகிற சின்ன இடம். ஆனால் அமெரிக்காவின் புறநகர் ஷாப்பிங் சென்டர் கதையைச் சொல்கிறவர்கள் இதைத் தாண்டிப் போக முடியாது. நான் சொல்ல வருவது அதன் பெருமையை மட்டுமல்ல. அந்தக் காலி இடத்தின் மேல் எனக்கு ஒரு புகாரும் இருக்கிறது.

இடம் கிளீவ்லாண்ட் பார்க். வெள்ளை மாளிகையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாண்ட் 1886-ல் அங்கே ஒரு கோடை வீடு வாங்கினார், அவர் பெயரே ஊருக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது அது வயலும் தோப்புமாக இருந்த இடம். 1890-களில் பிரான்சிஸ் நியூலாண்ட்ஸ் என்பவரின் செவி சேஸ் லாண்ட் கம்பெனி கனெக்டிகட் அவென்யூ என்ற நீண்ட ரோட்டைப் போட்டு, அதில் டிராமும் விட்டது. டிராம் டிக்கெட்டில் லாபம் பார்க்க அல்ல, மனை விற்க. டிராம் வந்தது, வீடுகள் வந்தன. அதன் பிறகு கார் வந்தது. 1935-ல் அந்த ரோட்டில் டிராமையே நிறுத்திவிட்டார்கள்.

1920-ல் வாஷிங்டனில் நில உபயோகச் சட்டம் வந்ததிலிருந்து கனெக்டிகட் அவென்யூவில் நினைத்த இடத்தில் கடை போட முடியாது. கடைக்கென்று ஒதுக்கிய சில துண்டுகளில்தான் போடலாம். அப்படி அருமையாகக் கிடைக்கிற முகப்பைத்தான் காருக்கு விட்டார்கள். காமர்ஸ் படித்தவர்கள் இதை 'கைவிட்ட வாடகை' என்ற தலைப்பில் எழுதிக்கொள்ளலாம்.

ஏன் விட்டார்கள்? கணக்கு இல்லாமல் இல்லை.

கம்பெனியின் பெயர் ஷானன் அண்ட் லக்ஸ். கட்டடம் முழுக்க ஒரே கை. வரிசையாகப் பத்துக் கடை, பத்து ஓனர் என்று இருந்தால், 'நீ உன் முகப்பைக் காலியாக விடு' என்று யாரிடமும் சொல்ல முடியாது. 'நீ முதலில் விடு' என்பார். ஓனர் ஒருவராகவே இருந்தால் முன்னால் போன வாடகையைப் பின்னால் இருக்கிற எல்லாக் கடையிலும் ஏற்றிப் பிடித்துவிடலாம். அதைவிட முக்கியம், யாருக்குக் கடை கொடுப்பது என்பதும் அவர் கையில். ஒரே சாமானை விற்கிற இரண்டு பேரை வைத்து அடித்துக்கொள்ள விட வேண்டியதில்லை. ஒரு கடைக்கு வந்தவர் பக்கத்துக் கடையிலும் நுழைகிற மாதிரி தேர்ந்தெடுத்து வைக்கலாம். வீட்டுக்கு அன்றாடம் வேண்டியதெல்லாம் ஒரே நிறுத்தத்தில். ஷாப்பிங் சென்டர் என்பது கட்டடத்தின் பெயர் இல்லை, இந்த ஏற்பாட்டின் பெயர்.

அந்த வரிசையின் பெரிய கடை பிக்லி விக்லி. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். 1916-ல் மெம்பிஸ் நகரத்தில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் ஆரம்பித்த மளிகைக் கடை அது. அதுவரை மளிகை என்றால் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் கடைப் பையன். நாம் சொல்லச் சொல்ல அவன் எடுத்து வைப்பான், பொட்டலம் கட்டுவான், தெரிந்த வீடென்றால் கணக்கில் எழுதிக்கொள்வான், சாமான் வீட்டுக்கே வந்துவிடும். சாண்டர்ஸ் கவுன்ட்டரை எடுத்தார். உள்ளே போங்கள், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், வெளியே வரும்போது பணத்தை வைத்துவிட்டு நீங்களே தூக்கிக்கொண்டு போங்கள். ஆள் செலவு குறைந்தது, விலையும் குறைந்தது. கூட்டம் அம்மியது. (மனுஷர் 1923-ல் தன் கம்பெனிப் பங்குகளைத் தானே வளைத்துப் பிடிக்கப் போய், பங்குச் சந்தையோடு மல்லுக்கட்டிக் கம்பெனியையே இழந்தார். அது தனிக் கட்டுரைக்கான கதை.)

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். சாமானை வீட்டுக்குக் கொண்டுவந்து போடுகிற செலவு கடைக்காரருடையதாக இருந்தது. இப்போது அது உங்கள் தலையில். ஒரு மூட்டைச் சாமானை டிராமில் தூக்கிக்கொண்டு போக முடியுமா? கார் வேண்டும். கார் நிற்க இடம் வேண்டும். ஆக, முகப்பில் விட்ட காலி இடம் தர்ம காரியம் இல்லை. டெலிவரிப் பையனுக்குப் பதிலாக வாடிக்கையாளரையே, அவருடைய பெட்ரோலிலேயே வேலைக்கு வைத்துக்கொண்டதற்கான ஏற்பாடு. மிகச் சாமர்த்தியம். எனக்கு இதைப் படித்தபோது கோபம் வரவில்லை, வியப்புதான்.

கட்டடத்தை வரைந்தவர் ஆர்தர் ஹீட்டன். வாஷிங்டனின் தேசிய தேவாலயம் எழும்ப ஆரம்பித்த காலத்தில் அதன் மேற்பார்வைக் கட்டடக் கலைஞராக இருந்தவர். கோபுரம் பார்த்தவர் மளிகைக் கடை வரைய வந்தபோது அலட்சியம் காட்டவில்லை. பழைய காலனிய நாட்களின் வீட்டுப் பாணி, அடக்கமான உயரம். அக்கம்பக்கத்துப் பணக்கார வீடுகளுக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்காத கடை. நான் குறை சொல்வது இந்தக் கட்டடத்தின் அழகைப் பற்றி இல்லை. அழகாகவே இருக்கிறது.

லாஸ் ஏஞ்சலஸில் 1920-களிலேயே முன்னால் கார் விட்டு, பின்னால் கடை வைக்கிற வழக்கம் வந்துவிட்டது. வாஷிங்டன் அதை எடுத்து, காய்கறி மார்க்கெட்டாக இருந்ததைக் குடும்பங்களுக்கான கௌரவமான கடைத்தொகுதியாக மாற்றியது. மற்றவர்கள் பார்த்துக் கட்டினார்கள். 1938-ல் எல்லைக்கு அந்தப் பக்கம், மேரிலாண்டின் சில்வர் ஸ்பிரிங்கில் ஜான் எபர்சன் வரைந்த கடைத்தொகுதி வந்தது, கூடவே ஒரு சினிமா தியேட்டரும். அதன் பிறகு அளவு எகிறியது. 1956-ல் மினசோட்டாவில் விக்டர் குரூயன் கட்டிய சவுத்டேல் வந்தபோது நாலு பக்கமும் மூடி, ஏ.சி. போட்டு, சுற்றிலும் கடல் மாதிரி பார்க்கிங். கிளீவ்லாண்ட் பார்க்கில் ஒரு முற்றம் அளவுக்கு இருந்த காலி இடம் ஊர் அளவுக்கு ஆகிவிட்டது. நடந்து போய்க் கடையில் நுழைவது என்ற பழக்கமே பல அமெரிக்க ஊர்களில் செத்துப்போனது. எல்லாப் பழியையும் பாவம் அந்தச் சின்னக் கடைத்தொகுதி மேல் போட முடியாது. ஆனால் வழி காட்டியவர்களில் அதுவும் ஒன்று.

இனிமேல்தான் விவகாரம்.

1981 டிசம்பரில் கிளீவ்லாண்ட் பார்க்குக்கு மெட்ரோ ரயில் வந்தது. ஸ்டேஷன் வாசல்களில் ஒன்று கடைத்தொகுதிக்குப் பக்கத்திலேயே, ஆர்ட்வே தெரு முனையில். மெட்ரோ வாசலை ஒட்டி ஒரு திறந்தவெளிக் கார் நிறுத்தமும் அதன் பின்னால் தாழ்ந்த கடைகளும் இருந்தால் மனைக்காரருக்குத் தூக்கம் வருமா? 1980-களின் நடுவில் இதை இடித்துவிட்டுப் பெரிய கட்டடம் எழுப்பத் திட்டம் வந்தது. ஊர்க்காரர்கள் கிளம்பினார்கள். 1985-ல் கிளீவ்லாண்ட் பார்க் வரலாற்றுச் சங்கம் உருவானது. 1987-ல் வீடுகள், கடைகள் எல்லாம் சேர்த்துக் கிளீவ்லாண்ட் பார்க் தேசிய வரலாற்றிடப் பட்டியலில் ஏறியது. பார்க் அண்ட் ஷாப் பிழைத்தது. பிறகு சீர் செய்யப்பட்டுப் பளிச்சென்று ஆனது.

அதோடு நிற்கவில்லை. அந்தக் கடைவீதியில் புதுக் கட்டடம் 40 அடிக்கு மேல் போகக் கூடாது, ஹோட்டல்கள் மொத்த முகப்பில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் விதிகள் வந்தன. மளிகைக் கடையும் சலவைக் கடையும் காணாமல் போய்விடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் யார் எந்தக் கடை வைக்கலாம் என்று 1930-ல் ஓனர் லாபத்துக்காகச் செய்த தேர்வை, இப்போது சட்டம் பாசத்துக்காகச் செய்ய ஆரம்பித்தது. ஓனருக்கு, தப்பாகத் தேர்ந்தெடுத்தால் வாடகை போகும். சட்டத்துக்கு என்ன போகும்?

என் புகார் இதுதான். ஒரு புதுமையைப் பாதுகாக்கப் போய், அதன் உருவத்தைப் பிடித்துக்கொண்டு புத்தியை விட்டுவிட்டார்கள். ஜனங்கள் எப்படி வந்துபோகிறார்கள் என்று பார்த்து அதற்கேற்ப மனையை மாற்றிப் போட்டதுதான் பார்க் அண்ட் ஷாப்பின் புத்தி. 1930-ல் அவர்கள் காரில் வந்தார்கள், முகப்பு காருக்குப் போனது. 1981-க்குப் பிறகு காலடியில் ரயில் வந்தது. அதே புத்தி உள்ளவர்களாக இருந்தால் அடுத்த கணக்கைப் போட்டிருப்பார்கள்.

எதிர்த்தரப்புக்கும் நியாயம் உண்டு. காலி முகப்பை எடுத்துவிட்டால் அது சாதாரணக் கடை வரிசை, அதன் சரித்திரமே அந்தக் காலி இடத்தில்தான் இருக்கிறது என்பார்கள். இதை நான் மறுக்க மாட்டேன். ஒரு முற்றத்தை நினைவுச் சின்னமாக வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு முற்றத்தின் பெயரைச் சொல்லிச் சுற்றிலும் எதுவும் உயரக் கூடாது என்பதுதான் உறுத்துகிறது.

ஏனென்றால் இது வெறும் ரசனைத் தகராறு இல்லை. 2025-க்குள் 36,000 வீடுகள், அதில் 12,000 குறைந்த வருமானக்காரர்கள் தாங்கக்கூடிய விலையில் என்று வாஷிங்டன் மேயர் 2019-ல் இலக்கு வைத்தார். ராக் கிரீக் பூங்காவுக்கு மேற்கே உள்ள பகுதிக்கு மட்டும் அதில் 1,990 வீடுகள். கிளீவ்லாண்ட் பார்க் இருப்பது அங்கேதான். நகரத்தின் பணக்காரப் பக்கம், பெரும்பாலும் வெள்ளையர்கள் வாழ்கிற பக்கம், அப்படிப்பட்ட மலிவு வீடுகள் மிகக் குறைவாக இருந்த பக்கம். கடையில் பில் போடுகிற பெண்ணும் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறவரும் எங்கிருந்தோ மெட்ரோ ஏறி வந்து இங்கே இறங்கி வேலை பார்த்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது, குடியிருக்க இடம்தான் இல்லை.

முடியாத காரியமா என்றால், சில்வர் ஸ்பிரிங்கைப் பாருங்கள். அங்கேயும் 1938-ன் கடைத்தொகுதியை இடிக்கிற பேச்சு வந்தது, அங்கேயும் ஜனங்கள் எதிர்த்துக் காப்பாற்றினார்கள். ஆனால் பழசை வைத்துக்கொண்டே பின்னால் ஊரை உயர விட்டார்கள். தியேட்டரைச் சீராக்கி 2003-ல் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் பெயரில் திறந்தார்கள். பழைய கடை வரிசையும் நிற்கிறது, சுற்றிலும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. எனக்கு அங்கே வந்த புதுக் கட்டடங்களின் அழகைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

கிளீவ்லாண்ட் பார்க்கில் 1936-ல் திறந்த அப்டவுன் தியேட்டர் 2020 மார்ச்சில் மூடப்பட்டது. மறு வருடமே, 2021-ல், வாஷிங்டன் நகரசபை தன் பெருந்திட்டத்தைத் திருத்தி, கனெக்டிகட் அவென்யூவின் இந்தப் பகுதியில் கூடுதலாகக் கட்டலாம் என்று வழி விட்டது. ஆனால் வரலாற்றிடம் என்ற அந்தஸ்து அப்படியே இருக்கிறது. யார் எதைக் கட்ட வேண்டுமானாலும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு முதலில் வரலாற்றுப் பாதுகாப்பு வாரியத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும்.