பத்தில் ஒரு மில்லிமீட்டர்

கொடைக்கானலுக்குச் சற்று முன்னால், மலைப்பாதையோரம் இருக்கிறது செண்பகனூர். 1895இல் இயேசு சபையினர் இங்கே திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். குருத்துவம் படிக்க வந்தவர்களும் படிப்பிக்க வந்தவர்களும் செபமாலையோடு பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். ஜார்ஜ் ஃபோரோ பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் மாஸ் பாசிகளைத் தேடித் தேடிப் பெயரிட்டார். ஆங்லாட், நியூட்டன் என்ற இரு பாதிரிமார் இந்த மலையின் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதியதைத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. பின்னாளில் கே. எம். மேத்யூ பழனி மலையின் தாவரங்களுக்கு முழுத் தொகுதிகளே எழுதினார்.

அதே 1895இல் மலையின் இன்னும் உயரமான மேட்டில் சூரிய ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. தாது வருடப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்த பிறகு, பருவமழைக்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று கண்டறியும் அவசரம் வெள்ளைக்கார அரசுக்கு வந்திருந்தது. மிச்சி ஸ்மித் தலைமையில் 1899இல் வேலை தொடங்கியது. சூரியனோடு நில்லாமல் வானிலை, பூகம்பம், பூமியின் காந்தம் எல்லாவற்றையும் அங்கே அளந்தார்கள். விக்ரம் சாராபாயின் குழு அண்டக்கதிர்களை எண்ணவும் இந்த மலைக்கு வந்தது. இத்தனை விதமான ஆராய்ச்சிகளுக்கும் அடியில் ஒரே ஒரு கைவேலை ஓடுகிறது. அது கண்டுபிடிப்பாளர் பட்டியலில் வராது, பரிசு வாங்காது. கருவியை நேர் பிடித்து நிறுத்தும் வேலை அது.

1904இல் இங்கிலாந்திலிருந்து ஒரு ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் வந்து சேர்ந்தது. பெயர் பயமுறுத்தினாலும் வேலை எளிதாகப் புரியும். ஓர் ஆடி சூரியனைத் துரத்திப் பிடிக்க, லென்ஸ் அதை ஆறு சென்டிமீட்டர் வட்டமாக விழச்செய்கிறது. அந்த வட்டத்தின் ஒரு மெல்லிய கீற்றை மட்டும் முதல் பிளவு உள்ளே விடும். பட்டகங்கள் அந்த ஒளியை நிறம் நிறமாக விரிக்கும். கால்சியத்துக்கே உரிய ஊதா நிறத்தை மட்டும் இரண்டாவது பிளவு வெளியே விடும். சூரியன் முழுவதும் முதல் பிளவைக் கடந்து முடிக்கும்போது, புகைப்படத் தகட்டில் ஒற்றை நிறத்தில் ஒரு சூரியன் பதிந்திருக்கும். இரண்டாவது பிளவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. அது ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் தகட்டில் படம் விழத்தான் செய்யும். ஆனால் அது வேறொரு சூரியன். இந்தக் கலையின் கொடுமையே இதுதான். தவறான சீரமைப்பு பெரும்பாலும் தன்னைக் காட்டிக்கொடுப்பதில்லை. நம்பும்படியான பொய் ஒன்றைச் சொல்லிவிட்டு நல்ல பிள்ளையாக இருந்துவிடும்.

1907இல் வந்து சேர்ந்த ஜான் எவர்ஷெட் கருவிகளைத் தன் கையால் பிரித்துப் பூட்டுவதில் பெரிய கெட்டிக்காரர். 1909 ஜனவரியில் சூரியப் புள்ளி ஒன்றின் குறுக்கே பிளவை வைத்து நிறமாலையைப் படமெடுத்தபோது, கோடுகள் சாய்ந்திருந்தன. புள்ளியின் ஒரு பக்கத்தில் சிவப்பை நோக்கியும் மறுபக்கத்தில் ஊதாவை நோக்கியும் அவை விலகியிருந்தன. விலகல் எவ்வளவு? அலைநீளத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு என்ற அளவு. இந்த அளவுக்குச் சாய்வைக் காட்ட, சற்றே கோணலாக நிற்கும் பட்டகமோ சுருங்கிய தகடோ போதுமே என்று யாரும் கேட்கலாம். எவர்ஷெட்டின் விடை அழகானது. பிளவைச் சூரிய வட்டத்தின் ஆரத்தை ஒட்டி வைத்தால் சாய்வு வருகிறது. ஆரத்துக்குக் குறுக்கே திருப்பினால் மறைகிறது. புள்ளி சூரியனின் நடுவில் இருந்தாலும் மறைகிறது. கருவியின் கோணல் இப்படி ஆள் பார்த்து நடக்காது. ஆகவே புள்ளியின் மையத்திலிருந்து வாயு, சூரியனின் மேற்பரப்பை ஒட்டியே, விநாடிக்கு ஓரிரு கிலோமீட்டர் வேகத்தில் வெளியே ஓடுகிறது என்று அவரால் சொல்ல முடிந்தது. எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் இருக்கும் இது, கருவியின் மீது கொண்ட சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டு பிறந்த கண்டுபிடிப்பு.

அரை நூற்றாண்டு கழித்து, அதே மேட்டில் சுரங்கத் தொலைநோக்கி வந்தது. 11 மீட்டர் கோபுரத்தின் மேல் 60 சென்டிமீட்டர் ஆடி. அது பிடித்துக் கீழே அனுப்பும் ஒளி, நிலத்தடியில் 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் படுக்கையாகப் போய், 34 சென்டிமீட்டர் அகலமுள்ள சூரியனாக விழுகிறது. ரசிக்க வேண்டியது அந்த ஆடியைத்தான். அதன் சுழலச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். ஆடி 48 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் திரும்ப வேண்டும். அப்போதுதான் வானம் சுழன்றாலும் உள்ளே விழும் பிம்பம் சுழலாது. கொடைக்கானல் வடக்கே 10 பாகையில் இருப்பதால் அந்த அச்சு கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கிறது. ஐரோப்பாவில் இதே கருவி இதைவிட நிமிர்ந்து நிற்கும். ஊரின் அட்சரேகையை இரும்பில் எழுதிக் காட்டியதுபோல இருக்கும் இந்தச் சாய்வு, கருவி இந்த மலைக்காகவே நிறுத்தப்பட்டது என்பதற்குச் சாட்சி.

இதே கலை அதன் உச்சியைத் தொட்ட இடம் துகள் முடுக்கி. இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2 வளையத்தின் சுற்றளவு 172.5 மீட்டர். எலெக்ட்ரான்கள் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் அதில் மணிக்கணக்காகச் சுற்றுகின்றன. அவற்றை வளைக்க ஒரு வகைக் காந்தம், சிதறாமல் குவிக்க இன்னொரு வகைக் காந்தம். குவிக்கும் காந்தத்தின் நட்டநடுவில் காந்தப்புலம் பூஜ்யம். கற்றை அந்த நடுவில் போனால் ஒன்றும் ஆகாது. சற்றுத் தள்ளிப் போனால் உதை விழும். ஒரு காந்தம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகி நின்றால், அந்தச் சிறிய உதை வளையம் முழுக்கப் பெருகி, கற்றை பல மடங்கு விலகிவிடும். சூரியப் படத்துக்குப் பிளவில் வேண்டியிருந்த அதே அளவு, இங்கே டன் கணக்கில் எடையுள்ள இரும்புக்கு வேண்டியிருக்கிறது.

ஜெனீவாவில் செர்ன் ஆய்வகத்தின் எல்எச்சி முடுக்கிக்குச் சுற்றளவு 26.7 கிலோமீட்டர். அதன் 1,232 வளைக்கும் காந்தங்களில் ஒவ்வொன்றும் 15 மீட்டர் நீளம். இவ்வளவு பெரிய வளையம் வரைபடத்தில் குறித்த இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி இருந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. பக்கத்துக் காந்தத்தோடு ஒட்டிப் போகிறதா என்பதே கேள்வி. 150 மீட்டர் நீளத்துக்குள் 0.15 மில்லிமீட்டர் என்பது கணக்கு. நம்மூர்க் கொத்தனார் சுவரின் இரு முனைகளுக்கும் நூல் கட்டிவிட்டு, செங்கல் நூலைத் தொடுகிறதா என்றுதான் பார்ப்பார். செர்ன் சுரங்கத்திலும் கம்பியை இழுத்துக் கட்டி, காந்தங்கள் அதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளக்கிறார்கள். லேசர் டிராக்கர் வந்த பிறகும் அந்தக் கம்பிக்கு ஓய்வு கிடைக்கவில்லை. காந்தத்தின் உண்மையான நடு அச்சு கண்ணுக்குத் தெரியாது. அது குளிர்கலத்துக்குள் மறைந்திருக்கிறது. முன்கூட்டியே அதை அளந்து, வெளி ஓட்டில் குறிப்புப் புள்ளிகளாகப் பதித்து வைத்துக்கொண்டு, அவற்றைப் பார்த்துத்தான் காந்தத்தின் காலடியில் உள்ள ஜாக்கிகளைத் திருப்புகிறார்கள்.

நூலுக்கு அடுத்தது தூக்குக்குண்டு. அது நேர் கீழே காட்டும் என்று நம்புகிறோம். ஆனால் பக்கத்தில் மலை இருந்தால் குண்டு மலைப்பக்கம் இழுபடும். ஜெனீவாவில் யூரா மலைத்தொடரின் இழுப்பைக் கணக்கில் சேர்க்காமல் வளையத்தைச் சமதளத்தில் வைக்க முடியாது. இந்தச் சங்கதி பெரிதாக வெடித்தது இந்தியாவில்தான். 1802இல் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலை அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலி பிடித்து அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை இமயத்தை நெருங்கியபோது, கணக்கு இடித்தது. முக்கோணம் சொன்ன தூரத்துக்கும் நட்சத்திரம் சொன்ன தூரத்துக்கும் 5.2 வில்விநாடி வித்தியாசம். இமயம் தூக்குக்குண்டை இழுத்திருக்க வேண்டும் என்று கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் பிராட் 1855இல் கணக்கிட்டார். அவர் கணக்குப்படி வித்தியாசம் மூன்று மடங்கு வந்திருக்க வேண்டும். மலைகளுக்கு அடியில் எடை குறைந்த வேர் இருக்கிறது என்ற கருத்து அந்த மிச்சத்திலிருந்துதான் வந்தது. ஒரு தூக்குக்குண்டு விலகியதில் பூமியின் உள்கட்டு தெரிந்துவிட்டது!

லாம்ப்டனைச் சொல்லும்போது தஞ்சாவூரை விட முடியாது. 1808இல் பெரிய கோயில் விமானத்தின் மேல், கோணம் அளக்கும் தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து, அரை டன் கருவி சுவரில் மோதியது. அளவு வட்டம் நெளிந்துபோனது. வேறொருவராக இருந்தால் லண்டனுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருப்பார். லாம்ப்டன் கூடாரத்தில் அடைந்துகொண்டு, ஆறு வாரம் ஆப்பும் திருகும் கப்பியும் வைத்து அதை இழுத்து இழுத்து வட்டமாக்கினார். அதை வைத்துக்கொண்டே அளவையும் தொடர்ந்தது. நேர் பிடிப்பவர்களின் வரலாற்றில் இதைவிட நெஞ்சழுத்தமான ஆறு வாரம் வேறு இருக்குமா என்பது சந்தேகமே. பழனி மலையும் இந்த மரபுக்குப் புதிதல்ல. 1821இல் லெஃப்டினன்ட் வார்ட் அளவைக் கருவிகளோடு ஏறி வந்த பிறகே ஆங்கிலேயர்களுக்கு இந்த மேட்டின் அருமை தெரிந்தது.

மட்டமும் நேரும் ஒன்றல்ல என்பதையும் முடுக்கி கற்றுக்கொடுக்கிறது. கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டின் நேர்கோட்டு முடுக்கி 3.2 கிலோமீட்டர் நீளம். அவ்வளவு நீளத்துக்கு ஒரு வாய்க்காலில் தண்ணீர் நிரப்பினால், பூமியின் வளைவால் நடுவில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் மேடாக நிற்கும். எலெக்ட்ரானுக்கு வேண்டியது நேர்கோடு. எனவே அங்கே காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் லேசர் ஒளியை ஓடவிட்டு, அதை நூலாக வைத்துக்கொண்டார்கள்.

காற்றை ஏன் வெளியேற்ற வேண்டும்? சூடான காற்றில் ஒளி நெளியும். கொடைக்கானலில் காலை வெயில் ஏறித் தரை சுடுவதற்குள் படமெடுத்துவிட வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான்.

இவ்வளவு பாடுபட்டு நிறுத்தினாலும் நிலம் சும்மா இருப்பதில்லை. எல்எச்சி இருக்கும் சுரங்கத்தில் முன்பு இயங்கிய எல்இபி முடுக்கியில், நிலாவின் ஈர்ப்பால் பாறையே மூச்சுவிட்டு, வளையத்தின் சுற்றளவு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக் கூடிக் குறைந்தது. கற்றையின் ஆற்றலில் அது தெளிவாகத் தெரிந்தது. ஆகவே நேர் பிடித்தல் ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அல்ல. முடுக்கி ஓய்வெடுக்கும் ஒவ்வொரு நீண்ட இடைவேளையிலும் அளவையாளர்கள் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள்.

கொடைக்கானலில் இந்த வேலை இப்போது கணினியில் தொடர்கிறது. ஒரு நூற்றாண்டின் புகைப்படத் தகடுகள் மின்படங்களாகிவிட்டன. சூரியனின் அச்சு நம் வானத்து வடக்கிலிருந்து ஆண்டு முழுவதும் இருபுறமும் 26 பாகை வரை சாய்ந்து தெரியும். பழைய கால்சியம் படங்களுக்கு ஒளி தந்த ஆடியமைப்போ பிம்பத்தை மணிக்கு மணி சுழற்றவும் செய்யும். தகட்டில் நேரத்தை யாரோ தப்பாக எழுதியிருந்தால் அந்தச் சூரியனின் வடக்கு தப்பிப்போகும். இந்தத் தகடுகளின் மையத்தையும் வடக்கையும் ஒவ்வொன்றாக மீட்டெடுத்திருக்கிறார்கள் இந்திய வானியற்பியல் நிறுவனத்தினர். அந்தத் தொகுப்பு இணையத்தில் எவருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. இயற்பியல் படிக்கும் மாணவர்கள் 1910களின் இரண்டு படங்களை இறக்கி, அடுத்தடுத்த நாளின் ஒரே புள்ளியை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்க்க முயலலாம்.