மூன்று அறிகுறிகளும் சேர்ந்தே வருமா?

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியுள்ள மெல்லிய சவ்வுகளில் பாக்டீரியாக்கள் தொற்றி அழற்சி உண்டாக்குவதே பாக்டீரிய மூளையுறை அழற்சி. காய்ச்சல், கழுத்து விறைப்பு, அறிவு தடுமாற்றம் ஆகிய மூன்றும் இதன் அறிகுறிகள் என்று எழுதிவிட்டு, உடல்நலக் கையேடுகள் பல அடுத்த நோய்க்குச் சென்றுவிடுகின்றன. இம்மூன்றும் எத்தனை பேரிடம் ஒருசேரத் தோன்றும் என்பதை அவை சொல்வதில்லை. இக்குறை சிறியதன்று.

இதற்கு விடை கூறும் கட்டுரை 2004-ஆம் ஆண்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளிவந்தது. டீடெரிக் வான் டி பேக் என்பவரும் அவர்தம் குழுவினரும் நெதர்லாந்தில் 1998 முதல் 2002 வரை, வயது வந்தோரிடம் கண்ட 696 நோய் நிகழ்வுகளை ஆராய்ந்தனர். மூன்று அறிகுறிகளும் சேர்ந்திருந்தவை 44 விழுக்காடே! தலைவலியையும் சேர்த்து நான்காகக் கொண்டால், இரண்டேனும் இருந்தவை 95 விழுக்காடு. நோயுற்றோரில் 21 விழுக்காட்டினர் இறந்தனர்.

கால்வனாமீட்டரின் முள் அசையவில்லை என்பதால் மின்னோட்டமே இல்லை என்று முடிவு கட்டலாமா? கருவியின் உணர்திறனையும் கேட்க வேண்டும் அல்லவா? நோயறிகுறியும் ஒரு கருவியே. அதன் உணர்திறனை எண்ணால் அளந்து காட்டியதே இக்கட்டுரையின் சிறப்பு.

ஆயினும் ஒரு வரம்பை மறக்கலாகாது. முதுகில் ஊசி செலுத்தி எடுத்த தண்டுவட நீரில் பாக்டீரியா வளர்ந்து, நோய் உறுதியானவர்களே இக்கணக்கில் இடம்பெற்றனர். ஐயமே எழாமல், அச்சோதனை செய்யப்படாமல் போனவர்களைப் பற்றி இந்த 44 எதுவும் கூறாது.

முதியோரிடம் இந்த வரம்பு பெரிதாகிறது. அவர்களுடைய ஒவ்வோர் அறிகுறிக்கும் வேறொரு காரணம் ஆயத்தமாக இருக்கிறது. கழுத்து வளையவில்லையா? எலும்புத் தேய்மானம். பேச்சு குழறுகிறதா? பக்கவாதம், அல்லது வயதின் மறதி. காய்ச்சலா? சிறுநீர்த் தொற்று. சிலருக்குக் காய்ச்சல் மிகுதியாகக் காய்வதும் இல்லை. நோயை உண்டாக்கும் கிருமிகளிலும் வேறுபாடு உண்டு. நிமோகாக்கஸ் முதன்மையானது, முதுமையில் லிஸ்டீரியாவையும் எண்ண வேண்டும். வழக்கமாகத் தரப்படும் செஃபலோஸ்போரின் மருந்துகளுக்கு லிஸ்டீரியா மசியாது. எனவே ஐம்பது வயதைக் கடந்தோர்க்கு ஆம்பிசிலினையும் சேர்த்துத் தருகின்றனர்.

ஆகவே வாசகர்களே, கையேடு எழுதுவோர் 'மூன்று அறிகுறிகள்' என்பதோடு நிறுத்தாமல், 'மூன்றும் வரும் வரை காத்திராதீர்' என்ற வரியையும் சேர்ப்பார்களாக. நேற்று வரை தெளிவாகப் பேசிய தாத்தா, இன்று காய்ச்சலோடு அல்லது தலைவலியோடு தடுமாறிப் பேசினால், 'வயதாகிவிட்டது' என்று நீங்களாக விடை எழுதிவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். 'நேற்று இப்படி இல்லை' என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்தச் செய்தியைத் தர வீட்டாரால்தான் முடியும்.