எஃப்5-இல் ஒரு சிப்பாய்

ஜனவரி பிறந்தால் இலங்கையின் திம்புள்ளயில் காற்று வறண்டுவிடும். அந்தக் குளிரில் பறிக்கிற தேயிலைக் கொழுந்துக்குத்தான் வருஷத்திலேயே நல்ல மணம். மார்ச் வரை அந்த மணம் நிற்கும். பெக்டரி வேலை முடிந்து வந்து, பிளேன்டீயோடு செஸ் பலகையை விரித்து, பெரியவர்களின் ஆட்டங்களைத் தனியாக வைத்துப் பார்ப்பது என் பழைய வழக்கம். எல்லா ஆட்டத்தையும் ஒரு தரம் பார்ப்பேன். ஒன்றை மட்டும் வருஷா வருஷம் ஜனவரியில் எடுத்து வைப்பேன். அது நடந்ததும் ஒரு ஜனவரியில்தான்: 2013, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸே. வெள்ளை லெவோன் அரோனியன், கறுப்பு விஸ்வநாதன் ஆனந்த். 23 நகர்த்தலில் முடிந்த கதை.

அரோனியனின் குதிரை எச்7 சிப்பாயை வெட்டிக்கொண்டு உள்ளே நுழைகிறது. அடுத்து எஃப்8-இல் நிற்கும் யானைக்கும் ஆபத்து. ஆனந்த் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு குதிரையை ஜி4-க்கு அனுப்புகிறார். பிறகு பிஷப்பை சி5-இல், சிப்பாயின் வாயிலேயே வைக்கிறார். 16வது நகர்த்தலில் இன்னொரு குதிரை இ5-க்கு, அதுவும் வெட்டுக்குக் கழுத்தைக் காட்டிக்கொண்டு. இப்போது பலகையைப் பாருங்கள்: யானை, பிஷப், இரண்டு குதிரைகள், நான்கையும் வெள்ளை வெட்டலாம். எதை வெட்டினாலும் வெள்ளை ராஜாவைச் சுற்றிக் கயிறு இறுகும். 1907-இல் போலந்தின் லோட்ஸ் நகரில் ரொட்லெவியை ரூபின்ஸ்டீன் கறுப்பில் நின்று அடித்த ஆட்டத்தை அறிந்தவர்களுக்கு இதைப் பார்த்ததும் மயிர்க்கூச்செறியும். அதே மாதிரி இரண்டு பிஷப்புகள், அதே மாதிரி கணக்குப் பார்க்காத கொடை.

“சித்தப்பா, இத மெஷின்தான் கண்டுபிடிச்சிருக்கும். அவரு மனப்பாடம் பண்ணிட்டு வந்து வச்சாரு. அவ்வளவுதானே?” என்றான் அண்ணன் மகன். அவன் போனிலேயே உலக சாம்பியனை மிஞ்சிய செஸ் மென்பொருள் இருக்கிறது.

பாதி சரி. 2012-இல் மாஸ்கோவில் கெல்ஃபாண்டோடு மோதிய உலகப் பட்டப் போட்டிக்காகத் தேடி வைத்திருந்த சரக்கு இது. மாதக்கணக்கில் கிடந்து, வேறொருவர் மேல் இறங்கியது. கணினி இல்லாமல் அந்தத் தேடலும் இல்லை.

ஆனால் ஆனந்தும் கணினியும் சேர்ந்து வளர்ந்த பாதை அத்தனை சுருக்கமானதல்ல. 1969-இல் மயிலாடுதுறையில் பிறந்து, தாய் சுசீலாவிடம் ஆட்டம் கற்று, 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர். செஸ்பேஸ் என்ற ஆட்டக் களஞ்சியம் ஜெர்மனியில் முளைத்த காலமும் அதுதான். இயந்திரத்தோடு மோதியும் பார்த்தார். 1998-இல் இத்தாலியின் இஸ்கியாவில் ரெபெல் என்ற மென்பொருளிடம் 5–3 என்று தோற்றார். இதில் எனக்குப் பிடித்தது மொத்தக் கணக்கல்ல. மின்னல் ஆட்டங்களில் இயந்திரம் 3–1 என்று அடித்தது. மணிக்கணக்கில் யோசிக்க விட்ட இரண்டு ஆட்டங்களில் ஆனந்துக்குத்தான் ஒன்றரைப் புள்ளி. மின்னல் வேகத்துக்கே பேர்போன மனிதர், வேகத்தில் தோற்று நிதானத்தில் ஜெயித்தார்!

அடுத்த வருஷம் ஸ்பெயினின் லெயோனில் இரண்டு பேர் பக்கத்திலும் கணினியை வைத்துக்கொண்டு ஆடும் போட்டி. கார்ப்போவை 5–1 என்று கவிழ்த்தார். இருவருக்கும் இயந்திரம் உண்டு; அதனிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது என்று ஆனந்துக்குத்தான் தெரிந்திருந்தது என்பது என் கணிப்பு.

பெக்டரியில் எங்களுக்கும் கடிகாரமும் வெப்பமானியும் உண்டு. ஆனாலும் நொதிக்கப் பரப்பிய இலையை டீமேக்கர் கையில் அள்ளி முகர்ந்துதான் ட்ரையருக்கு அனுப்பச் சொல்வார். இயந்திரம் பத்து வழி காட்டும். எந்த வழியில் போனால் எதிராளிக்கு மூச்சு முட்டும் என்பது மூக்குக்காரனின் வேலை.

2010-இல் சோஃபியாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியிலும் இயந்திரம் தராத ஒன்றைப் பார்த்தேன். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஃப்ராங்ஃபர்ட்டிலிருந்து ஏறத்தாழ 40 மணி நேரம் காரிலேயே போய்ச் சேர்ந்து, 12வது ஆட்டத்தில் கறுப்பில் நின்று டோபலோவை வென்று பட்டத்தைக் காத்தார். அந்தக் கடைசி ஆட்டத்தில் தயாரிப்பைவிடத் தெம்புதான் அதிகம்.

அண்ணன் மகனிடம் போனைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். வைக் ஆன் ஸே ஆட்டத்தின் 19வது நகர்த்தலைப் பலகையில் அமைத்தேன். வெள்ளைக் குதிரை எஃப்8-இல் யானையைத் தின்றுவிட்டு நிற்கிறது. “உன் முறை.”

ராஜாவை எடுத்து உடனே குதிரையை வெட்டினான். சி2-இலிருந்து வெள்ளை ராணியை மூலைவாட்டில் இழுத்து எச்7-இல் வைத்தேன். வாயை மூடிக்கொண்டான்.

எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்து, ஒரு கறுப்புச் சிப்பாயை எஃப்5-க்கு நகர்த்திக் காட்டினேன். ராணியின் வழி அடைபட்டது, ஜி4 குதிரைக்குக் காவலும் கிடைத்தது. நான்கு காய்களை வாரி இறைத்த கை, அடுத்துச் செய்தது இவ்வளவு சின்ன வேலை. இந்த ஆட்டத்தில் பலரும் 16வது நகர்த்தலுக்குக் கைதட்டுவார்கள். என் ஓட்டு இந்தச் சிப்பாய்க்கு.

கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்: “அப்ப அந்தக் குதிரைய எப்பதான் வெட்டுறாரு?”

“இரண்டு நகர்த்தல் கழிச்சு. அது தானா நடந்து ஜி6-க்கு வரும், பாரு.”