மூன்று சில்லு ஸ்பைடர்: பாவித்ததா, புதிதா?

கான்-ஆம் ஸ்பைடர் வாங்க நினைக்கிற எவரும் முதலில் கேட்பது புதிதா, பாவித்ததா என்றுதான். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்த எஞ்சின்? 2014இல் வந்த புது எஞ்சின் உள்ள ஸ்பைடருக்கும் பழைய எஞ்சின் உள்ளதற்கும் இடையிலான வித்தியாசம், பத்து வருடம் ஓடிய வண்டிக்கும் கடையில் மினுங்குகிற வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. இதைத் தெரியாமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்களின் வண்டிகள்தான் மீண்டும் மீண்டும் விளம்பரத்தில் வருகின்றன.

இந்தக் கோடையில் என் மச்சானுக்காக வண்டி பார்க்கப் போனேன். அறுபதை நெருங்கும் வயது. இரண்டு சில்லில் பழுத்த ஓட்டுநர். “அத்தான், ஓட ஏலும். நிப்பாட்டினாப் பிறகு பிடிச்சு வைச்சிருக்கத்தான் ஏலாமக் கிடக்கு” என்றார். முழங்கால். சிவப்பு விளக்கில் முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை ஒரு காலில் தாங்குவது அந்த முழங்காலுக்கு இனி முடியாத காரியம். மூன்று சில்லுக்கு வருகிறவர்களில் பலருடைய கதை இதுதான். பாவித்த வண்டிச் சந்தையை விளங்கிக்கொள்ளவும் இது உதவும். விற்பவர்களும் பெரும்பாலும் இதே வயதுக்காரர். கராஜில் மூடி வைத்து, நல்ல வெயில் நாளில் மட்டும் வெளியே எடுத்து, பிறகு உடம்பு ஒத்துழைக்காமல் விற்கிறார்கள். ஆகவே ஓட்டம் குறைந்த, கீறல் இல்லாத வண்டிகள் நிறையவே கிடைக்கும். ஆனால் ஓடாமல் நின்ற வண்டிக்கும் வயது போகிறது.

மூன்று சில்லு என்றால் எல்லாம் ஒன்றல்ல. ஹார்லியின் ட்ரை கிளைடில் இரண்டு சில்லு பின்னால். போலாரிஸ் ஸ்லிங்ஷொட்டில் காரைப் போல் ஸ்டியரிங் பிடித்து, இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். யமஹா நிக்கென், பியாஜியோ எம்பி3 இரண்டும் வளைவில் சாயும். நான் இங்கே சொல்வது முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று, சாயாத வகை. கியூபெக்கின் வால்கோர்ட்டில் தலைமையகம் வைத்திருக்கும் பி.ஆர்.பி. கொம்பனி கான்-ஆம் ஸ்பைடரை 2007 பெப்ரவரியில் அறிமுகம் செய்து, 2008 மாடலாக 14,999 அமெரிக்க டொலருக்கு விற்கத் தொடங்கியது. பனியில் ஓடும் ஸ்கீ-டூவை 1959இல் சந்தைக்குக் கொண்டுவந்த ஜோசப்-அர்மான்ட் பொம்பார்டியேயின் தொழிற்சாலை வழி வந்த கொம்பனி அது. ஸ்பைடரில் ஏறி இருந்தாலே அந்தப் பனிவண்டி இருக்கை தெரியும்.

ஓட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இங்கேயே திரும்பிப் போகிறார்கள். இரண்டு சில்லில் வளைவுக்கு உடம்பும் வண்டியும் சேர்ந்து சாயும். ஸ்பைடர் சாயாது. வளைவில் வண்டி உங்களை வெளிப்பக்கம் தள்ளும். அதை எதிர்த்துக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் வண்டி இன்னும் பதறும், முதல் நாளே தோள் நோகும். வெளிப்பக்கக் காலை ஊன்றி, மேலுடம்பை வளைவின் உட்பக்கம் சாய்த்து, கையைத் தளர்த்திப் பிடிக்கவேண்டும். பிரேக் வலது கால் மிதியில் மட்டும். அதை மிதித்தால் மூன்று சில்லும் பிடிக்கும். கைப்பிடியில் பிரேக் இல்லை. பழக்கத்தில் வலது விரல்கள் அதைத் தேடும், ஒன்றும் அகப்படாது. அவசரத்தில் அந்த அரைக் கணம் பெரிது, ஆகவே வெறும் பார்க்கிங் திடலில் நிறையத் தடவை நிறுத்திப் பழகாமல் பெருந்தெருவுக்குப் போகவே கூடாது.

வளைவில் வேகம் மிஞ்சினால் பொஷ் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய நிலைப்புக் கட்டுப்பாடு எஞ்சின் வலுவைக் குறைத்து, தேவையான சில்லை மட்டும் பிரேக் போட்டு வண்டியை மீட்கும். அது வேலை செய்கிறபோது வண்டி ஒருமுறை மூச்சை அடக்குகிறது மாதிரி இருக்கும். நல்ல காவல், ஆனால் நம்பி விளையாடுவதற்கு அல்ல. ஒன்ராறியோ வீதிகளில் வசந்தகாலக் குழிகள் இன்னொரு சங்கடம். மூன்று சில்லுக்கு மூன்று தடம். முன்சில்லு இரண்டுக்கும் நடுவில் குழியை விட்டால் பின்சில்லு நேரே அதற்குள் இறங்கும். மழையில் தேங்கிய தண்ணீரில் அகலமான பின் ரயர் மிதக்கப் பார்க்கும். வேகத்தைக் குறைப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை.

இனி எஞ்சின். 2008இல் வந்தது ரோட்டக்ஸ் 998 சி.சி. இரட்டைச் சிலிண்டர், 106 குதிரைவலு. துடிப்பான எஞ்சின், சத்தமும் அழகு. ஆனால் மேல் சுற்றில்தான் வலு கிடைக்கும், பின்னால் ஆளும் சாமானும் ஏறினால் அடிக்கடி கியர் இறக்கவேண்டும். ஸ்பைடர் வகைகளில் ஒன்றான ஆர்.டி.யின் 2014 மாடலில் 1330 சி.சி. மூன்று சிலிண்டர் வந்தது. 115 குதிரைவலு, கீழ்ச் சுற்றிலேயே இழுவை, எண்ணெய் மாற்றும் இடைவெளி 15,000 கி.மீ. அடுத்த ஆண்டு எஃப்3 என்ற வகையும் இதே எஞ்சினோடு வந்தது. நெடுந்தூரம் போகிறவருக்கு இரண்டுக்கும் ஒப்பீடே இல்லை. பழைய 998ஐ வாங்கலாம், விலை மிகவும் இறங்கியிருந்தால், உங்களுக்குக் கையில் வேலை தெரிந்திருந்தால். 2013 ஆர்.டி.யை மட்டும் நான் யாருக்கும் சொல்லமாட்டேன். எஞ்சின் சூடு பற்றிய முறைப்பாடுகள் அதிகம் எழுந்த மாடல் அது.

நாங்கள் பார்த்த முதல் வண்டி ஒரு தனியாள் விற்ற 2015 எஃப்3. தூரத்தில் பார்க்கக் கடை வண்டிதான். குனிந்து பின் ரயரில் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவினேன். ஓரங்களில் கோடுகள் புதிதுபோல் ஆழமாக இருந்தன, நடுவில் கை வழுக்கிக்கொண்டு போனது. சாயாத வண்டி என்பதால் ரயர் வட்டமாகத் தேயாது, நடுப்பகுதி தட்டையாகித் தீர்ந்துவிடும். ஓரத்தை மட்டும் பார்க்கிறவர் ஏமாறுவார். முன் ரயர் தேயவே இல்லை, ஆனால் அதன் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கங்கள் வேறு கதை சொல்லின. முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. வண்டியோடு வந்த ரயர்களே இன்னும் கிடந்தன. ரப்பர் கல்லாகியிருந்தது. மூன்றையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துத்தான் பேசவேண்டும்.

அடுத்து ரோர்ச் வெளிச்சத்தில் பெல்ற். பின்சில்லுக்கு வலு போவது பற்கள் வைத்த பெல்ற் வழியாக. கல் குத்திய துளை, உடைந்த பல், ஓரப் பிசிறு இருக்கிறதா என்று வண்டியை மெல்ல உருட்டி முழுச் சுற்றும் பார்க்கவேண்டும். பிறகு எஞ்சின் பக்கம் பெல்ற் சுற்றுகிற முன் பற்சில்லு. 1330 எஞ்சின் வண்டிகளில் அந்த இடத்தில் செங்கல் தூள் நிறத்தில் பொடி படிந்திருந்தால் அது வீதித் தூசியல்ல. பற்சில்லின் உட்பற்களும் தண்டின் பற்களும் ஒன்றோடொன்று உராய்ந்து இரும்பு துருவாக உதிர்கிறது என்று அர்த்தம். ஆரம்பத்தில் பிடித்தால் பற்சில்லை மாற்றி, பொருத்துமிடத்தில் பசை பூசிச் சரிக்கட்டலாம். தண்டின் பற்களே தேய்ந்துபோயிருந்தால் எஞ்சினில் கை வைக்கவேண்டி வரும். மச்சான் அந்தப் பற்சில்லைப் படமெடுத்து வைத்துக்கொண்டார். நாங்கள் பார்த்த வண்டியில் அது சுத்தமாக இருந்தது.

உடற்பகுதிப் பிளாஸ்ரிக் துண்டுகளையும் அசைத்துப் பாருங்கள். ஸ்பைடரில் எதைத் தொடுவதென்றாலும் நாலைந்து மூடிகளைக் கழற்றவேண்டும். கொளுவிகள் உடைந்திருந்தால் அவசரக்காரர் யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார். நேரான தட்டை வீதியில் கைப்பிடியை விரல் நுனியில் பிடித்து ஓடுங்கள். ஒரு பக்கம் இழுத்தால் முன்சில்லுகள் நேரில் இல்லை. லேசர் வைத்து நேராக்கத் தெரிந்த இடங்கள் உண்டு, வேலை முடிந்ததும் வண்டியே மாறிவிடும். பின்னோக்குக் கியர், கைச்சூடு, நிறுத்தப் பிரேக் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கவேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஸ்பைடரின் மூளை முழுக்கக் கணினி. அதன் பிழைக் குறிப்புகளைச் சரியாக வாசிக்க பி.ஆர்.பி.யின் சொந்த மென்பொருள் வேண்டும். சாதாரண மோட்டார் சைக்கிள் கராஜ் எல்லாவற்றிலும் அது இராது. ஆகவே வாங்க முன் முகவரிடம் கொண்டுபோய்க் கணினியில் பார்க்கச் சொல்லுங்கள், விற்பவர் மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். வின் இலக்கத்தைக் கொடுத்தால் பாதுகாப்புத் திருத்தத்துக்குத் திரும்ப அழைக்கப்பட்டதா, அந்த வேலை செய்யப்பட்டதா என்றும் சொல்வார்கள். முகவர் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதும் வண்டியின் விலையில் ஒரு பங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

புது வண்டிகளில் நான் ஆசையோடு ஓடியது கான்-ஆமின் ரைக்கர் 900. 2019 மாடலாக இந்த வரிசை வந்தபோது சிறிய 600இன் ஆரம்ப விலை 8,499 அமெரிக்க டொலர். கியர் கிடையாது, ஸ்கூட்டரைப் போல் முறுக்கினால் போகும். பின்னோக்கிப் போக இடது காலடியில் ஒரு நெம்பு. பெல்றுக்குப் பதில் தண்டு. கால்மிதியையும் கைப்பிடியையும் கருவி எதுவும் இல்லாமல் முன்பின் நகர்த்தலாம். மச்சான் தன் முழங்காலுக்கேற்பக் காலை நீட்டி வைத்துக்கொண்டு, “இது காணும்” என்றார். நகருக்குள்ளும் கிராமப்புற வீதியிலும் இது தருகிற சந்தோஷம் பெரிய ஸ்பைடரில் இல்லை. எடை குறைவு, வளைவில் சுறுசுறுப்பு. 401 பெருந்தெருவில் ஏறினால்தான் விஷயம் மாறுகிறது. முன்கண்ணாடி இல்லாமல் காற்று நெஞ்சில் அடிக்கிறது, ஒரு மணி நேரத்தில் களைப்பு. சாதாரண மாடல் ஒற்றை இருக்கை. பின்னால் ஆள் ஏற்ற, சாமான் கட்ட, அதற்குரிய தாங்கியைத் தனியாக வாங்கவேண்டும். முன்கண்ணாடி, தாங்கி, முதுகுச் சாய்வு என்று சேர்த்துக்கொண்டு போனால் மலிவு என்று வந்தது மலிவாக முடியாது.

இதையே திருப்பிப் பார்த்தால் பாவித்த ரைக்கரின் நன்மை தெரியும். முதல் சொந்தக்காரர் போட்ட அந்த மேலதிகச் சாமான்களுக்கு மறுவிற்பனையில் அநேகமாக விலையே இல்லை. ஆனால் தனியாக ஓடுகிற, முதன்முதலாக மூன்று சில்லுக்கு வருகிற, எண்ணெய் மாற்றக்கூடக் கராஜுக்குப் போகிற ஒருவருக்கு நான் புது ரைக்கரைத்தான் சொல்வேன். இரண்டு வருட உத்தரவாதத்தின் நிம்மதி அவருக்குப் பெறுமதியானது.

பெரிய ஆர்.டி.யில் என் முடிவு நேர் எதிர். 2020இல் அதை முழுதாகத் திருத்தியமைத்தார்கள். அகலமான கால்பலகை, புதிய விளக்குகள், நல்ல இருக்கை. அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் பெரும்பாலும் திரையிலும் வசதிகளிலும்தான், எஞ்சின் அதே 1330. விலையின் பெரும்பகுதி முதல் சில வருடங்களிலேயே கரைந்துவிடும். அந்த நட்டத்தை முதல் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்ட பிறகு, மூன்று நான்கு வயதான, பராமரிப்புச் சிட்டைகள் உள்ள ஒரு ஆர்.டி.யை எடுப்பதே புத்தி. கை குறைவென்றால் 2014 முதல் வந்த பழைய ஆர்.டி. அல்லது எஃப்3. இன்னொரு வழியும் உண்டு. கடையில் விற்காமல் நின்ற போன வருட மாடல். விலை இறக்கிக் கொடுப்பார்கள், உத்தரவாதம் விற்ற நாளிலிருந்துதான் தொடங்கும். ஒக்டோபர், நவம்பரில் கேட்டுப் பாருங்கள். பனி வரப்போகிறது என்ற பயம் விற்பவருக்கு, வசந்தம் வரை கராஜில் வைத்துப் பற்றறிக்கு மின்னேற்றி கொளுவிவிடப் பொறுமை உங்களுக்கு.

புதிதின் விலைப்பட்டியலில் வண்டி விலையோடு ஏற்றுகூலி, கடையில் பொருத்தித் தயார்செய்யும் கட்டணம், 13 வீத வரி எல்லாம் ஏறும். கையெழுத்துக்கு முன் இறுதித் தொகையை எழுத்தில் கேளுங்கள். ஒன்ராறியோவில் தனியாளிடம் வாங்கினாலும் பெயர் மாற்றும்போது 13 வீத வரி கட்டவேண்டும். வாகனத் தகவல் பொதியை விற்பவர் தரவேண்டும், பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள்தான் செல்லும். மூன்று சில்லுக்கும் எம் வகுப்பு லைசன்ஸ் தேவை. ரெஸ்றை மூன்று சில்லிலேயே எடுத்தால் மூன்று சில்லுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு கிடைக்கும். அதைச் சிலர் குறைவாக நினைக்கிறார்கள். இனி இரண்டு சில்லுக்குப் போகாதவருக்கு அதில் குறை ஒன்றுமில்லை. இன்சூரன்ஸை வாங்க முன்னரே விசாரியுங்கள், எல்லாக் கொம்பனியும் இந்த வண்டிகளை எடுப்பதில்லை, எடுப்பவர்களுக்குள்ளும் தொகை மிகவும் வேறுபடும்.

கடைசியாக, பின்னால் வரப்போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். என் மச்சாள் எஃப்3இன் பின் இருக்கையில் ஏறி, முதல் வளைவிலேயே பக்கத்தில் பிடிக்க வழி தேடினார். ஆர்.டி.யில் முதுகுச் சாய்வும் கைதாங்கியும் இருந்தன, ஏறினவர் இறங்க மனமில்லாமல் இருந்தார். அதோடு அந்த வீட்டில் பேச்சு பாவித்த ஆர்.டி. எந்த வருடம் என்பதற்கு நகர்ந்துவிட்டது.