எசெக்ஸ் கேடயச் சின்னங்களும் அவை உணர்த்தும் பொருளும்

மக்கள் தம் பழமையை ஏட்டில் மட்டும் எழுதி வைப்பதில்லை. கல்லிலும் கொடியிலும் கேடயத்திலும் பொறித்து வைக்கின்றனர். அங்ஙனம் பொறிக்கப்பட்டதை வரலாற்றுச் சான்றாகக் கொள்வதா, வெறும் அணியாகக் கொள்வதா என்னும் வினா ஆராய்ச்சியாளர் முன் என்றும் நிற்பதொன்று. இங்கிலாந்தின் தென்கிழக்கிலுள்ள எசெக்ஸ் மாவட்டத்தில் உள்ளாட்சி மன்றங்கள் தாங்கிய கேடயச் சின்னங்கள் சிலவற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

முதற்கண் இக்கலையின் இயல்பை அறிதல் வேண்டும். இது பன்னிரண்டாம் நூற்றாண்டில் மேலை ஐரோப்பாவில் உருப்பெற்றது. இங்கிலாந்தில் சின்னம் வழங்கும் உரிமை 1484இல் அரசப் பட்டயம் பெற்ற சின்னவியல் கழகத்துக்கு உரியது. இக்கலையில் மூலபாடம் ஓவியம் அன்று, சொல்லே. ஒவ்வொரு சின்னமும் பழைய பிரெஞ்சுச் சொற்கள் மிகுந்த ஒரு தொடரால் வரையறுக்கப்படுகின்றது. அத்தொடருக்கு மாறுபடாத வரை ஓவியர் தம் விருப்பம்போல் தீட்டலாம். பொன்னும் வெள்ளியும் உலோகம் எனப்படும். சிவப்பு, நீலம், பச்சை முதலியன வண்ணம் எனப்படும். உலோகத்தின் மேல் உலோகமும் வண்ணத்தின் மேல் வண்ணமும் அமைதல் கூடாது என்பது பொது விதி. எனவே இதனை இலக்கணமுடைய ஒரு மொழியாகவே கொள்ளலாம். இலக்கியத் திறனாய்வாளர் இதனைப் படிக்கப் புகுவதில் பிழையில்லை.

எசெக்ஸ் மாவட்ட மன்றத்தின் கேடயம் 1932இல் முறையாக வழங்கப்பட்டது. செந்நிறக் களத்தில் பொற்பிடியுடைய மூன்று வெள்ளிய வாள்கள் கிடக்கின்றன. ‘சீக்ஸ்’ எனப்படும் இவ்வாளிலிருந்தே ‘சாக்சன்’ என்னும் இனப்பெயர் தோன்றிற்று என்பர். எசெக்ஸ் என்பதோ கீழைச் சாக்சன் நாடு எனப் பொருள்படும். ஆகவே இச்சின்னம் ஊர்ப்பெயரை உருவத்தால் ஒலிக்கும் ஒருவகைச் சிலேடை. கீழைச் சாக்சன் மன்னர் இதனைத் தாங்கினர் என்பது வழக்கு. ஆனால் அம்மன்னர் ஆண்ட காலத்தில் இக்கலையே தோன்றவில்லை. இவ்வழக்கு 1605இல் வெளிவந்த ரிச்சர்டு வெர்ஸ்டீகனின் நூலிலும், பின்னர் 1611இல் ஜான் ஸ்பீடின் வரலாற்று நூலிலும் காணப்படுகின்றது. வாளின் வடிவும் இதற்கு இயைய நிற்கின்றது. கேடயத்தில் அது வளைந்தும் முதுகில் ஒரு வெட்டுடனும் காட்சியளிக்கின்றது. அகழ்வில் கிடைத்த சாக்சன் கத்திகளோ இத்தகைய வளைவும் வெட்டும் உடையன அல்ல. மேலும் இதே மூவாள் மிடில்செக்ஸ் மாவட்டத்துக்கும் உரியதாக வழங்கிற்று. அம்மாவட்ட மன்றம் 1910இல் சின்னம் பெற்றபோது, வேறுபாடு தோன்ற ஒரு சாக்சன் முடி மேலே சேர்க்கப்பட்டது. அம்மன்றம் 1965இல் ஒழிந்தது.

கோல்செஸ்டர் நகரின் சின்னம் இதனினும் பழமையானது. ஐந்தாம் ஹென்றி மன்னர் 1413இல் அளித்த பட்டயத்தில் காணப்படுவது. கிளை தறித்த கரடுமுரடான மரத்தாலான சிலுவையும் மூன்று முடிகளும் அதன் உறுப்புகள். இயேசு பெருமானின் சிலுவையைக் கண்டெடுத்தவர் எனப் போற்றப்படும் ஹெலினா அரசியை இது குறிக்கின்றது. அவர் கோல்செஸ்டர் மன்னன் கோயலின் மகள் என்பது பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல்கள் பரப்பிய கதை. வரலாற்றறிஞர் அவர் பிறந்த இடத்தைச் சிறிய ஆசியாவில் தேடுகின்றனர். செய்தி பொய்யாயினும் சின்னம் ஆழமுடையது. இழைக்கப்படாத மரமும் இழைக்கப்பட்ட பொன்முடியும் ஒருங்கே நிற்பதில், துன்பமும் மாட்சியும் ஒன்றையொன்று விளக்குகின்றன.

சாஃப்ரன் வால்டன் என்னும் ஊரின் சின்னத்தில் மதில் சூழ்ந்த மூன்று குங்குமப்பூக்கள் உள்ளன. பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் இவ்வூர் குங்குமப்பூ வேளாண்மையால் பெயர் பெற்றது. ‘மதிலுக்குள் குங்குமப்பூ’ எனும் பொருள்தரும் ஆங்கிலத் தொடர் ஊர்ப்பெயரோடு ஒலியால் ஒத்திருத்தலின் இவ்வுருவம் அமைந்தது. ஆனால் ‘வால்டன்’ என்பதற்கு ‘பிரிட்டானியர் பள்ளத்தாக்கு’ என்பதே சொற்பிறப்பறிஞர் கூறும் பொருள். மதிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சொற்பிறப்பு தோற்ற இடத்தில் சிலேடை வென்றுள்ளது.

இவற்றுக்கு மாறாக, சௌத்தெண்ட் நகருக்கு 1915இல் வழங்கப்பட்ட சின்னத்தில் பொய்யே இல்லை. லில்லி மலர்ச் சாடி பிரிட்டில்வெல் மரியன்னை கோயிலையும், நங்கூரம் லீ ஊரின் கிளெமெண்ட் கோயிலையும், இரும்புத் தட்டி ஈஸ்ட்வுட்டின் லாரன்ஸ் கோயிலையும், மூவிலை சௌத்சர்ச்சின் மூவொரு இறைவன் கோயிலையும் குறிப்பன. கேடயத்தைத் தாங்குவோர் ஒரு துறவியும் ஒரு மீனவரும். ‘கடலாலும் திருச்சபையாலும்’ என்பது பொன்மொழி. நகருள் அடங்கிய பழைய ஊர்கள் நான்கும் விடுபடாமல் எண்ணப்பட்டன. எனினும் நான்கு உருவங்களும் பட்டியல்போல் தனித்தனி நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை விளக்கவில்லை. கலை என்னும் அளவில் கோல்செஸ்டருக்கு இது ஈடாகாது என்பதே நம் துணிபு.

இங்கு ஒரு முரண் தோன்றுகின்றது. உண்மை மிகுந்த சின்னம் கலையால் மெலிந்தும், கதையைத் தழுவிய சின்னம் கலையால் வலிந்தும் உள்ளன. இம்முரணை 2003ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்று மேலும் கூர்மையாக்குகின்றது. அவ்வாண்டு, அதே பிரிட்டில்வெல்லில், ஆறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியதாகக் கணிக்கப்படும் சாக்சன் உயர்குடிக் கல்லறையொன்று அகழப்பட்டது. பொற்றகட்டுச் சிலுவைகள் இரண்டு அதனுள் கிடைத்தன. மாவட்டக் கேடயம் கற்பனை வாளால் சாக்சனரை நினைவுகூர்ந்தது. மெய்யான சாக்சனர் துயின்ற ஊரின் கேடயமோ அவரை அறியாமலே கோயில்களை எண்ணிக்கொண்டிருந்தது.

இதனால் பெறப்படுவது யாது? கேடயத்தைக் கொண்டு சாக்சன் மன்னரின் படைக்கலத்தையோ ஹெலினாவின் பிறப்பிடத்தையோ நிறுவப் புகுவார் ஏமாறுவர். பொய்யென்று அதனைத் தள்ளுவாரும் இழப்புக்கு ஆளாவர். சின்னம் தான் பேசும் காலத்துக்குச் சான்றன்று; தன்னைப் படைத்த காலத்துக்கும், போற்றிய காலத்துக்கும் சான்று. மூவாள், 1605இல் ஆங்கிலேயர் தம் முன்னோரை எங்ஙனம் எண்ண விரும்பினர் என்பதைத் திண்ணமாக உரைக்கும். கரட்டுச் சிலுவை, 1413இல் ஒரு வணிக நகர் எதனைத் தன் பெருமையாகக் கருதிற்று என்பதைக் காட்டும். எக்காலத்துச் சான்று என்று கேளாமல் சின்னத்தையோ செய்யுளையோ மேற்கோள் காட்டுதல் ஆராய்ச்சி ஆகாது. இளம் ஆய்வாளர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுவே.